சத்தமில்லாத பிள்ளைக்கும் ஒரு கண்

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டு பட்டங்கள் தாராளமாக வழங்கப்படுகின்றன. ஓடியாடிக் கூச்சலிட்டு, தம்பியைக் கிள்ளிவிட்டு, கண்ணாடிக் குவளையையும் போட்டு உடைத்துவிட்டு நிற்கும் பிள்ளை ‘இப்லீஸ்’. ஒரு மூலையில் உட்கார்ந்து, மூன்றாம் முறை கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, தட்டிலிருக்கும் சோற்றை அரைமணி நேரம் அளைந்துகொண்டிருக்கும் பிள்ளை ‘சாது’. முதற்பிள்ளையைப் பற்றி வீடே கவலைப்படுகிறது. மத்ரஸாவில் கொண்டுபோய் விடும்போது, “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்” என்று வாப்பா சொல்லிவிட்டு வருகிறார். இரண்டாம் பிள்ளையைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. விருந்தாளிகள் வந்தால், “இது இருக்கிற இடமே தெரியாது” என்று உம்மா பெருமையோடு சொல்லுகிறாள்.

இந்தக் கவலை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று எண்ண வைக்கும் ஆராய்ச்சிகள் சில வெளிவந்துள்ளன. ஐந்தாறு வயதில் பிள்ளையிடம் காணப்படும் நடத்தைக் குறைகளுக்கும், வளர்ந்து ஆளான பின் அது ஈட்டும் வருமானத்துக்கும் உள்ள உறவை அவை ஆராய்கின்றன. பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

கனடா நாட்டில், பிரெஞ்சு மொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் கியூபெக். 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் பிறந்து, அங்கே மழலையர் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய ஆசிரியைகள் ஒரு வினாத்தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். அப்போது பிள்ளைகளுக்கு வயது ஐந்து அல்லது ஆறு. அந்தத் தாள்கள் பத்திரமாக வைக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்ற பின், 2013 முதல் 2015 வரை அவர்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்த வருமான வரிக் கணக்கை எடுத்து, பழைய தாள்களோடு பொருத்திப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணுமாக 2,850 பேர். வயது 33 முதல் 35. முடிவுகள் 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்தன.

இதில் இரண்டு சிறப்புகள் உண்டு. “நீ எவ்வளவு சம்பாதிக்கிறாய்?” என்று அவர்களையே கேட்டிருந்தால் சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள். வரிக் கணக்கில் அதற்கு அவ்வளவு இடமில்லை. அதுபோலவே, பெற்றவர்களிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பாசம் குறுக்கே நிற்கும். ஆசிரியையோ அதே வயதுடைய பல பிள்ளைகளை ஒருசேரப் பார்ப்பவர். எந்தப் பிள்ளை எவ்வாறு வேறுபடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆசிரியைகளிடம் கேட்கப்பட்டவை பெரிய உளவியல் வினாக்கள் அல்ல. நம் ஊர் ஆசிரியையும் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லக்கூடியவை. ஒரு வேலையில் மனத்தை நிறுத்த முடியாதவனா? சிறு ஓசை கேட்டாலும் கவனம் சிதறுகிறதா? எங்கோ நினைவாக இருக்கிறானா? எடுத்த காரியத்தை முடிக்காமல் விட்டுவிடுகிறானா? இந்த நான்கும் ‘கவனமின்மை’ என்ற தலைப்பில் அடங்கும். ஓயாமல் அசைந்துகொண்டும் நெளிந்துகொண்டும் இருக்கிறானா என்பது ‘மிகைத் துறுதுறுப்பு’. அடிக்கிறான், கடிக்கிறான், மிரட்டுகிறான் என்பவை ஒரு தலைப்பு. சொன்ன சொல் கேட்கவில்லை, பழியைப் பிறர்மேல் போடுகிறான் என்பவை இன்னொரு தலைப்பு. எளிதில் அழுகிறவனா, தனித்திருப்பவனா என்றும் கேட்டார்கள். இவற்றோடு நல்ல குணங்களையும் விடவில்லை. அடிபட்ட பிள்ளைக்கு உதவப் போகிறானா, சண்டையை விலக்கி விடுகிறானா, ஒதுங்கி நிற்கும் பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறானா என்பன அவை.

இத்தனை குணங்களுள் எது முப்பது ஆண்டுகளுக்குப் பின் வருமானத்தோடு உறவு காட்டியது? நாம் அனைவரும் அடிதடியைத்தான் சொல்லியிருப்போம். ஆண் பிள்ளைகளிடம் அடிதடியும் எதிர்ப்புக் குணமும் வருமானக் குறைவோடு சேர்ந்தே காணப்பட்டன என்பது உண்மை. ஆனால் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இரு பாலாரிடமும் குறைந்த வருமானத்தோடு இணைந்து நின்ற குறை கவனமின்மை ஒன்றே. நாம் பெரிதும் எரிச்சல்படுகிற துறுதுறுப்புக்கும் பிற்கால வருமானத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தென்படவில்லை. பிறருக்கு உதவும் குணமிருந்த ஆண் பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்பது மனத்துக்கு இதமான செய்தி.

“ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கவனமும் இராது, பின்னாளில் வருமானமும் இராது, இதில் என்ன அதிசயம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சியாளர்கள் பிள்ளையின் அறிவுத்திறனையும் குடும்பத்தின் நெருக்கடிகளையும் கணக்கில் கொண்டு, அவற்றின் பங்கைக் கழித்துவிட்டே இந்த உறவைக் கண்டார்கள். போதாததற்கு, மாண்ட்ரியல் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த ஆண் பிள்ளைகளை மட்டும் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வும் அதே 2019 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லாரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 920 பேர். அங்கே அடிதடியும் எதிர்ப்பும் துறுதுறுப்பும் வருமானத்தோடு குறிப்பிடத்தக்க உறவு காட்டவில்லை. உறவு காட்டியவை இரண்டு: கவனமின்மை வருமானக் குறைவோடும், பிறருக்கு உதவும் குணம் வருமான உயர்வோடும் சேர்ந்து நின்றன.

காரணம் என்னவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முதல் வகுப்பில் எழுத்தைக் கூட்டிப் படிக்கும்போது பிள்ளையின் மனம் சன்னலுக்கு வெளியே இருந்தால், இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும். இரண்டாம் வகுப்பில் தடுமாறினால், ஐந்தாம் வகுப்பில் எல்லாப் பாடமும் சுமையாகும். முரட்டுப் பிள்ளை தவறு செய்தால் அன்றே ஆள் வந்து புகார் சொல்லுவார். கனவு காணும் பிள்ளையின் நஷ்டம் அப்படி வெளிப்படுவதில்லை. கடன்கார வட்டிபோல் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ, “இவனுக்குப் படிப்பு ஏறாது, மாமா கடையில் விட்டுவிடலாம்” என்று ஒரு நாள் முடிவாகிறது. நம் சமுதாயத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி வலி உண்டு. 2006 ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை, இந்தியாவில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கே செல்லாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று எழுதியது. அவர்கள் நின்றதற்கு வறுமை முதலாகப் பல காரணங்கள் உண்டு. ஆயினும், “படிப்பு ஏறாது” என்ற தீர்ப்பு எத்தனை பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் கவனிக்கப்படாமல் விடப்பட்ட ஒரு சிறு குறையால் வந்தது என்று எவர் கணக்கெடுத்தார்?

பெண் பிள்ளையின் வருமானத்தைப் பற்றி நமக்கென்ன என்று எண்ணும் வாசகர்களும் இருக்கக்கூடும். கணவனை இழந்தோ, தலாக் பெற்றோ, கைப்பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த சகோதரிகள் இல்லாத தெரு நம் ஊர்களில் இருக்கிறதா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் நடத்தியவர்கள் என்பதை மேடையில் பேசுகிற நாம், வீட்டில் மறந்துவிடலாகாது. பெண் பிள்ளை கவனமின்றி இருப்பது இன்னும் எளிதில் மறைந்துபோகும். அமைதியாக இருப்பதே அதற்கு அழகு என்று நாம் வைத்திருக்கிறோம் அன்றோ?

இனி, சத்தம் போடும் பிள்ளையின் பக்கம் ஒரு சாட்சி. பிரிட்டனில் 1958 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வரும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளின் பதினோராம் வயதில் ஆசிரியர்கள் அவர்களுடைய நடத்தையைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிக்கலஸ் பேப்பஜார்ஜ் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் அந்தக் குறிப்புகளைப் பிற்கால வருமானத்தோடு ஒப்பிட்டு 2019 இல் வெளியிட்டார்கள். வம்பும் முரட்டுத்தனமும் உள்ள பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினார்கள். ஆனால் வேலைக்குப் போனபின் அதே குணம் வருமானத்தை உயர்த்துவதாகவே காணப்பட்டது. ஒடுங்கிப்போன, கூச்சமும் அச்சமும் மிகுந்த பிள்ளைகளோ படிப்பிலும் இழந்தார்கள், வருமானத்திலும் இழந்தார்கள். வகுப்பறையில் தண்டனை பெற்றுத் தரும் துணிச்சல், சந்தையில் விலைபோகிறது போலும்! கனடா ஆய்வில் முரட்டு ஆண்களின் வருமானம் குறைந்தது, இங்கே கூடியது. நாடும் வேறு, காலமும் வேறு, பிள்ளையைப் பார்த்த வயதும் வேறு. இந்த முரண்பாட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: முரட்டுப் பிள்ளை உருப்படாமற் போய்விடும் என்று ஆணையிட்டுச் சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை. அடித்து அடக்கி, அதன் துணிச்சலையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறோமே, அதற்கு யார் ஈடு தருவது?

இங்கே மார்க்கப் பற்றுள்ள வாசகர் ஒருவர் குறுக்கிடுவது எனக்குக் கேட்கிறது. “ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று எழுதப்பட்டுவிட்டது. ஐந்து வயதில் பென்சிலைத் தொலைத்ததற்கும் முப்பத்தைந்து வயதில் வரும் ஊதியத்துக்கும் முடிச்சுப் போடுவது ஈமானுக்கு அழகா?” அளிப்பவன் அவனே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விளைச்சலைத் தருபவனும் அவனே என்று நம்புகிற விவசாயி வயலை உழாமல் விடுவதில்லை. இந்த ஆய்வுகள் சொல்லுவது எழுதப்பட்ட விதியை அன்று. பலரைச் சேர்த்துப் பார்த்தபோது தெரியும் சராசரிப் போக்கை மட்டுமே. கவனமில்லாத பிள்ளைகளுள் நன்றாக வாழ்ந்தவர்களும் அந்த 2,850 பேருக்குள்ளேயே இருப்பார்கள். தன் பிள்ளையைப் பார்த்து, “நீ சம்பாதிக்கமாட்டாய் என்று கனடாக்காரன் எழுதிவிட்டான்” என்று யாரேனும் சொன்னால், அது நான் இக்கட்டுரையை எழுதியதற்கு நேரான துரோகமாகும்.

அப்படிச் சொல்லமுடியாது என்பதற்கு வெறும் ஆறுதல் வார்த்தையன்றி ஆதாரமே உண்டு. மேற்சொன்ன மாண்ட்ரியல் நகரில், 1984 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற உளவியலறிஞர் ஏழைப் பகுதிகளின் 53 பள்ளிகளிலிருந்து 1,037 ஆண் பிள்ளைகளைத் தம் ஆய்வில் சேர்த்தார். அவர்களுள் மிகவும் அடங்காதவர்கள் என்று ஆசிரியைகள் குறித்த ஏறத்தாழ 250 பேரைத் தனியே எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் எப்போதும்போல் வளர்ந்தார்கள்.

அந்தப் பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. பள்ளியிலேயே சிறு குழுக்கள் அமைத்தார்கள். அடங்காத பிள்ளைகளை மட்டும் ஒன்றாகக் கூட்டவில்லை. அப்படிக் கூட்டினால் ஒருவனிடமிருந்து மற்றவன் கற்றுக்கொள்ளுவான். அடங்காத பிள்ளை ஒருவனுக்கு நல்ல பழக்கமுள்ள பிள்ளைகள் மூவர் என்ற கணக்கில் கலந்து அமர்த்தினார்கள். முதலாண்டில் ஒன்பது அமர்வுகள். விளையாடுகிற கூட்டத்தில் எப்படிப் போய்ச் சேர்வது, ஒருவனை எப்படி அழைப்பது, உதவி எப்படிச் செய்வது, ‘ஏன்’ என்று எப்படிக் கேட்பது என்பவை பாடங்கள். இரண்டாம் ஆண்டில் பத்து அமர்வுகள். பார், காதுகொடுத்துக் கேள் என்பது ஒரு பாடம். கோபம் வந்தால் என்ன செய்வது, கேலி செய்தால் என்ன செய்வது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மறுத்தால் என்ன செய்வது என்பவை மற்றப் பாடங்கள். இவற்றை உபதேசமாகச் சொல்லவில்லை. நடித்துக் காட்டி, பிள்ளைகளையும் நடிக்க வைத்தார்கள். வேறொருவன் கேலி செய்வதுபோல் நடிக்க, இவன் பதிலுக்கு அடிக்காமல் விலகிப் போவதைப் பழகினான்.

பெற்றோரையும் விட்டுவிடவில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கே ஆள் போனார்கள். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகப் பதினேழு அமர்வுகள். பிள்ளை என்ன செய்கிறது என்று உற்றுக் கவனிப்பது, நல்லது செய்தால் அந்தக் கணமே பாராட்டுவது, தண்டிக்க வேண்டி வந்தால் கொடுமையின்றித் தண்டிப்பது, வீட்டில் நெருக்கடி வந்தால் சமாளிப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் தாய்மார்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கூட்டுக் குடும்பம் இருந்த காலத்தில் பெரியம்மாவும் நன்னியும் செய்துகொண்டிருந்த வேலைதான். இன்று வாப்பா துபாயிலோ ரியாத்திலோ இருக்க, உம்மா மட்டும் அடுக்கு வீட்டில் பிள்ளைகளோடு மல்லாடும்போது, அந்தப் பதினேழு அமர்வுகளைக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 46 பேர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். பெறாதவர்களுள் 32 பேர்தாம் முடித்தார்கள். இருபத்து நான்கு வயதுக்குள் குற்றப் பதிவில் பெயர் ஏறியவர்கள் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 22, பெறாதோரில் 33. இவர்களுடைய வருமானத்தைப் பற்றிய ஆய்வு 2022 இல் வெளிவந்தது. 39 வயது வரை எடுத்த கணக்கின்படி, பயிற்சி பெற்றவர்களின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ நூற்றுக்கு 20 கூடுதல். அரசாங்கத்திடம் அவர்கள் பெற்ற உதவித் தொகை ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைவு. பயிற்சிக்குச் செலவிட்ட ஒரு டாலருக்குப் பதினொரு டாலர் அளவில் பயன் விளைந்ததென்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எட்டு வயதில் இரண்டாண்டுகள் கொடுத்த பயிற்சி, முப்பத்தொன்பது வயதில் சம்பளக் கவரில் தெரிகிறது!

இது ஓரிடத்து அதிசயமும் அன்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில் 1962 இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளியில், வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை இதேபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் சிறப்புக் கல்வி அளித்தார்கள். முதலில் அப்பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் உயர்ந்தது. சில ஆண்டுகளில் அந்த உயர்வு கரைந்து போயிற்று. திட்டம் தோற்றது என்று பலர் சொன்னார்கள். ஆனால் நாற்பதாம் வயதில் பார்த்தபோது, ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் பள்ளிக்கு வந்தோரில் நூற்றுக்கு 60, வராதோரில் 40. மதிப்பெண் கரைந்தபின் மிஞ்சியது எது? 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய சகாக்களும் அதை 2013 இல் ஆராய்ந்து, பிள்ளைகளின் நடத்தையில் ஏற்பட்ட மாற்றமே பெரும்பங்கு வகித்தது என்று காட்டினார்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வும் இதற்கு இயைந்ததே. சிறு வயதில் தன்னடக்கம் குறைந்திருந்தவர்கள் 32 வயதில் வருமானத்தில் மட்டுமன்றி, சேமிப்பிலும் கடனைச் சமாளிப்பதிலும் பின்தங்கியிருந்தார்கள். இடையில் தன்னடக்கம் வளரப்பெற்றவர்கள், வளராதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். (அங்கேயும் பிள்ளைகள் 1,037 பேர், மாண்ட்ரியலிலும் 1,037 பேர். தற்செயல்தான்.)

இவற்றைப் படிக்கப் படிக்க என் நினைவுக்கு வந்தவர்கள் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த காலத்தில் அனஸ் பத்து வயதுச் சிறுவர். தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் மகனை நபிகளாரின் பணிவிடைக்கு ஒப்படைத்தார்கள். ஒரு நாள் நபிகளார் அவரை ஒரு வேலையாக வெளியே அனுப்பினார்கள். மனத்துக்குள் போக எண்ணியிருந்தும், போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் சிறுவர் கிளம்பினார். கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். நேரம் போயிற்று. பின்னாலிருந்து ஒரு கை அவருடைய பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால், சிரித்துக்கொண்டு நபிகளார் நிற்கிறார்கள். செல்லமாகப் பெயரைச் சுருக்கி அழைத்து, அனுப்பிய இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். அவ்வளவுதான் நடந்தது.

எதிர்ப்புப் பேச்சு, கவனச் சிதறல், எடுத்த வேலையை முடிக்காமை ஆகிய மூன்று குறைகளும் ஒரே நாளில்! நம் வீட்டில் நடந்திருந்தால் அன்று மாலை என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே அறிவார்கள். நபிகளார் செய்ததை உற்றுப் பாருங்கள். தாமே தேடி வந்தார்கள். தொட்டு, பிள்ளையின் கவனத்தைத் திருப்பினார்கள். சிரித்த முகத்தோடு, கொடுத்த வேலையை நினைவூட்டினார்கள். வேலையை ரத்து செய்யவில்லை. பிள்ளைதான் அதைச் செய்து முடிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு ஊழியத்தில் தம்மை ஒருமுறைகூடக் கடிந்து ‘சீ’ என்று சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்களே பிற்காலத்தில் அறிவித்திருக்கிறார்கள். உம்மு சுலைம் (ரலி) அவர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க, அந்தப் பிள்ளைக்குச் செல்வத்தையும் மக்களையும் பெருக்கித் தருமாறு நபிகளார் துஆவும் செய்தார்கள். அன்சாரிகளுள் மிகுந்த செல்வமுடையோரில் ஒருவராக அவர் வாழ்ந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை நமக்கு நினைவிலிருந்து எடுத்துத் தந்தவரும் அவரே. தெருவில் விளையாட்டைப் பார்த்து நின்ற அதே பிள்ளை!

இனி வீட்டுக்காரியம். பிள்ளை கவனிப்பதில்லை என்று தெரிந்தால், குணத்தைக் குறை சொல்லுமுன் உடலைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடித்து, நடுக்காதில் நீர் கோத்து, காது மந்தமான பிள்ளை எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பாது. கரும்பலகை தெரியாத பிள்ளை சன்னலைத்தான் பார்க்கும். இரத்தசோகை இன்னொன்று. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து, எதிலும் மனம் நாட்டமின்றி இருப்பதை ‘சாது’ என்று எண்ணி ஏமாந்து போகாதீர்கள். தூக்கமும் முக்கியம். இரவு பதினொரு மணிவரை கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு, சுப்ஹுக்குப் பின் மத்ரஸாவுக்கு எழுப்பப்படும் பிள்ளை, ஓதும்போது தலையாட்டுவது ராகத்துக்காக அன்று. இவையெல்லாம் சரியாக இருந்தும், வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் கவனம் நிலைக்கவில்லையானால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கவனக் குறைவுக்கென்றே மருத்துவமும் பயிற்சியும் உண்டு. அதை ‘பைத்தியத்துக்கு வைத்தியம்’ என்று மறைத்து வைக்க வேண்டியதில்லை.

வேலை சொல்லும்போது அடுப்படியிலிருந்து உரக்கக் கூவாமல், அருகில் சென்று, தோளைத் தொட்டு, முகம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. “புத்தகத்தை எடுத்து வை, சட்டையை மாற்று, கைகால் கழுவு, தங்கச்சியைக் கூப்பிடு” என்று ஒரே மூச்சில் சொன்னால் முதல் வேலைகூட நடக்காது. அது சிறிதாக இருந்தாலும், முடித்துவிட்டு வரும்வரை அடுத்ததைச் சொல்லாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாரம் ஒருமுறை பேசும் வாப்பா, “நல்லா படிக்கிறியா?” என்ற ஒரே கேள்வியோடு நிறுத்தாமல், இந்த வாரம் எந்த வேலையைத் தொடங்கி முடித்தாய் என்று கேட்கலாம். பிள்ளை சொல்ல எதையாவது முடித்து வைத்திருக்கும்.

பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு. “எத்தனை மார்க்?”, “வால்தனம் பண்ணுகிறானா?” இல்லை என்று ஆசிரியை சொன்னவுடன் மகிழ்ந்து திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை இன்னும் இரண்டு கேளுங்கள். பாடம் நடக்கும்போது என் பிள்ளை உங்களைப் பார்க்கிறதா? தொடங்கிய எழுத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கிறதா? மத்ரஸாவில் ஹஜ்ரத் அவர்களிடமும் இதையே கேட்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் இருக்கும் ஒன்றைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.